ஊமையான மடிக்கணினி: லினக்ஸ் ஒலி வந்த வழி



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, பாட நூல் என்று எழுதிவரும் நான் இன்று கணினியின் ஒலியைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. இந்த ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாத காரணத்தால் என் மாணவன் ஒருவனை நான் தவறாக எடைபோட்டுவிட்டேன். அதை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

2021-ஆம் ஆண்டு. பள்ளிகள் மூடியிருந்தன. இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கணினி வழியாகக் கேட்டல் பயிற்சி நடத்தினேன். 'அலை, அழை, அளை' என்று நான் சொல்ல, மாணவர்கள் எழுதிக் காட்ட வேண்டும். லகர, ழகர, ளகர வேறுபாட்டைக் காதால் கேட்டுத்தான் பிள்ளைகள் அறிய முடியும். எழுத்தைக் காட்டி அதைக் கற்பிக்க இயலாது. ஒரு மாணவன் மட்டும் தொடர்ந்து மூன்று வகுப்புகளில் எதையும் எழுதவில்லை. திரையில் அவன் முகம் தெரிந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகக் 'கவனக்குறைவு' என்று எழுதிவைத்தேன்.

அந்த வார இறுதியில் அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, கணினியில் சத்தமே வருவதில்லை. பிள்ளை உங்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். உங்களிடம் சொல்ல அவனுக்குப் பயம்," என்றார். உறவினர் ஒருவர் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய மடிக்கணினி அது. புதிய விண்டோசு அதில் ஓடாது என்பதால் லினக்ஸ் நிறுவிக் கொடுத்திருந்தார்கள். கடையில் காட்டியபோது, "ஒலிச் சில்லு போய்விட்டது, தாய்ப்பலகையை மாற்ற வேண்டும்" என்று சொல்லி, இன்னொரு பழைய மடிக்கணினியே வாங்கிவிடக்கூடிய ஒரு தொகையைக் கேட்டிருக்கிறார்கள். கணவர் வேலையிழந்திருந்த நேரம் அது.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு அவர்கள் வீட்டுக்குச் சென்று அந்தக் கணினியைப் பார்த்தேன். ஒலியைக் கூட்டும் விசையை அழுத்தினால் திரையில் ஒலியளவுப் பட்டை ஏறியது. நூறு விழுக்காடு என்று காட்டியது. ஆனால் சத்தம் இல்லை. கணினித் துறையில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சார், முதலில் ஒரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள்," என்றார். என்னுடையதைச் செருகினேன். பாட்டு கேட்டது! "அப்படியானால் சில்லு சாகவில்லை. எங்கோ ஒரு குமிழ் மூடியிருக்கிறது," என்றார் அவர். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கடைசியில், கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பலகத்தில், ஒலிபெருக்கி என்னும் தூணின் அடியில் ஒலியடக்கக் குறி இருந்தது. ஒரே ஒரு விசையை அழுத்தினேன். அறை முழுவதும் ஒலி நிறைந்தது.

"ஒரு கணினிக்கு எதற்கப்பா இத்தனைக் குமிழ்கள்?" என்று கேட்டேன். "அது ஒரு வரலாறு, சார்," என்றார் அவர். அந்த வரலாற்றைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. வரலாறு தெரிந்தால் பழுது பார்ப்பது எளிது என்பதையும் அதனூடே உணர்ந்தேன்.

முதற்குமிழ்: கையால் திருகியது

ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட தனியாள் கணினியில் ஒரு சிறிய ஒலிபெருக்கி இருந்தது. 'பீப்' என்று கூவுவதற்கு மேல் அதனிடம் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க முடியாது. அதே 1981-இல்தான் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். சைனாடவுன் வட்டாரத்தில் இருந்த பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கணினிக் கடையாக அது தொடங்கிற்று. 1989-இல் அந்நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலியட்டை உலகெங்கும் பரவியது. தனியாள் கணினிக்குக் குரல் கொடுத்த பெருமையில் பெரும்பங்கு இந்தச் சிங்கப்பூர்க்காரருக்கு உரியது. அவர் 2023 சனவரியில் காலமானார்.

தொடக்கக் காலச் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகளின் பின்புறத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதைக் கையால் திருகினால் ஒலி கூடும், குறையும். அதுதான் உண்மையான குமிழ். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பின்னர் வந்தவையெல்லாம் மென்பொருளுக்குள் மறைந்திருக்கும் குமிழ்கள்.

1991-இல் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவகத்தை வெளியிட்டார். அதற்கு அப்போது பேச வாயில்லை. அடுத்த ஆண்டே, 1992-இல், அதே பின்லாந்தைச் சேர்ந்த அன்னு சவோலைனன் என்பவர் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு லினக்ஸ் இயக்கியை எழுதினார். அதுவே வளர்ந்து 'ஓப்பன் சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர் பெற்றது. ஆக, லினக்ஸ் பேசிய முதற்பேச்சில் பின்லாந்தின் உழைப்பும் சிங்கப்பூரின் அட்டையும் கலந்திருந்தன.

அந்த அமைப்பு மிக எளிமையானது. ஒலியட்டை ஒரு கோப்பைப் போல் தோன்றும். ஒரு செயலி அக்கோப்பில் ஒலித் தரவை எழுதினால் அது ஒலியாக வெளிவரும். ஒலியளவை மாற்றுவதற்கென்று 'மிக்சர்' என்ற பெயரில் இன்னொரு கோப்பு. குறை என்னவென்றால், பெரும்பாலான அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பேச முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மற்றச் செயலிகள் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் குமிழ்: மூடியே பிறந்தது

ஓப்பன் சவுண்ட் சிஸ்டத்தை எழுதியவர்கள் அதன் மேம்பட்ட வடிவத்தை விலைக்கு விற்கத் தொடங்கினர். கருவகத்துக்குள் இருந்த இலவச வடிவம் பின்தங்கியது. இந்நிலையில், 1998-இல் செக் நாட்டைச் சேர்ந்த யாரொசுலாவ் கிசேலா என்பவர் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கினார். கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்னும் அட்டைக்குத் தாம் எழுதிய இயக்கியிலிருந்து அவர் வளர்த்தெடுத்த அத்திட்டத்தின் பெயர் ஆல்சா. 2002-இல் அது கருவகத்தின் வளர்நிலைப் பதிப்பில் சேர்ந்தது. 2003 திசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் லினக்சின் முதன்மை ஒலியமைப்பாக நிலைபெற்றது.

ஆல்சாவின் இயல்பு ஒளிவுமறைவற்றது. ஒலிச் சில்லில் எத்தனைக் குமிழ்கள் உண்டோ அத்தனையையும் வரிசையாகக் காட்டிவிடும். முதன்மை ஒலி, பி.சி.எம்., ஒலிபெருக்கி, ஹெட்போன், ஒலிவாங்கி என ஒவ்வொன்றும் ஒரு தூணாக நிற்கும். அவற்றைக் காட்டும் பலகத்துக்கு ஆல்சாமிக்சர் என்று பெயர். ஒலி வெளிவரும் வழியில் உள்ள ஒன்று மூடியிருந்தாலும் ஒலி வராது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொடக்கக் காலத்தில் ஆல்சாவை நிறுவியவுடன் எல்லாக் குமிழ்களும் மூடியே இருக்கும். திடீரென்று பேரொலி கிளம்பிக் காதையோ ஒலிபெருக்கியையோ கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. விவரம் தெரியாத புதியவர்களோ, "லினக்ஸ் நிறுவினேன், சத்தம் வரவில்லை" என்று உலகெங்கும் புலம்பினார்கள். பிறகு லினக்ஸ் வழங்கல்களை உருவாக்குவோர், கணினி தொடங்கும்போதே குமிழ்களைத் தக்க அளவில் திறந்துவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். அணைக்கும்போது குமிழ்கள் இருந்த நிலையைச் சேமித்து, மறுமுறை தொடங்கும்போது அதே நிலைக்குத் திருப்பும் முறையும் வந்தது. இது நன்மைதான். ஆனால் தவறுதலாக மூடிய குமிழும் அப்படியே நினைவில் நின்றுவிடும்! எத்தனை முறை அணைத்துத் திறந்தாலும் நேற்றைய மௌனமே இன்றும் தொடரும்.

மூன்றாம் குமிழ்: வீட்டுக்கு வீடு வேறான கம்பிகள்

இனி மடிக்கணினியின் கதை. மேசைக் கணினியில் ஒலியட்டையைக் கழற்றி மாட்டலாம். மடிக்கணினியில் ஒலிச் சில்லு தாய்ப்பலகையிலேயே பொருந்தியிருக்கும். இன்டெல் நிறுவனம் 1997-இல் ஏ.சி.97 என்ற பொதுமுறையையும், 2004-இல் 'ஐ டெபினிசன் ஆடியோ' என்ற அடுத்த பொதுமுறையையும் வகுத்தது. இரண்டாவது முறை இன்றும் பல மடிக்கணினிகளில் உள்ளது.

பொதுமுறை இருந்தும் சிக்கல் தீரவில்லை. ஏன்? ஒலிச் சில்லைச் செய்பவர் ஒருவர். மடிக்கணினியைச் செய்பவர் இன்னொருவர். சில்லிலிருந்து வெளிவரும் முனைகளில் எதை ஒலிபெருக்கிக்கு இணைப்பது, எதை ஹெட்போன் துளைக்கு இணைப்பது என்பதை மடிக்கணினி செய்பவரே முடிவு செய்வார். ஒரே திட்டத்தில் கட்டிய வீடுகளில் உரிமையாளர்கள் விருப்பம்போல் மின்கம்பியை இழுத்துக்கொண்டதைப் போன்றது இது. எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்கு என்று எழுதிய ஓர் அட்டவணை கணினியின் உள்நினைவில் இருக்கும். அந்த அட்டவணையே பிழையாக இருந்தால் லினக்ஸ் ஏமாந்துபோகும். ஹெட்போன் கேட்கும், ஒலிபெருக்கி கேட்காது. அல்லது ஹெட்போனைச் செருகிய பிறகும் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருக்கும். அல்லது முதன்மைக் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒலி மாறாது.

இதற்காக லினக்ஸ் கருவகத்தினுள் நூற்றுக்கணக்கான மடிக்கணினிகளுக்குத் தனித்தனித் திருத்தக் குறிப்புகள் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். யாரோ ஒரு பயனர் தம் மடிக்கணினி பேசவில்லை என்று முறையாகத் தெரிவித்ததன் பயனே அவற்றுள் பல. பழைய கருவகத்தில் பேசாத மடிக்கணினி புதிய கருவகத்தில் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் குமிழ்: நடுவர் வந்தார்

ஒரே நேரத்தில் பல செயலிகள் பேச வேண்டும் என்ற தேவை வளர்ந்தது. அதற்கு ஒலிச் சேவையகம் என்னும் நடுவர் தேவைப்பட்டார். 2004-இல் லெனார்ட் பொய்ட்டரிங் என்னும் செருமானியர் முதன்மைப் பங்காற்ற, ஒரு சேவையகம் உருவாகத் தொடங்கியது. 2006-இல் அதற்குப் பல்சு ஆடியோ என்று பெயர் மாறியது. 2007 நவம்பரில் வந்த பெடோரா 8, 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04 ஆகிய வழங்கல்கள் அதை இயல்பான ஒலியமைப்பாக ஏற்றன.

அக்காலத்தில் லினக்ஸ் பயனர்களிடையே எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமன்று. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கணினிகள் விக்கின, திக்கின, சில ஊமையாயின. பழியெல்லாம் பல்சு ஆடியோ மீது விழுந்தது. உண்மையில் பழியில் ஒரு பகுதி அதற்குரியதன்று. இயக்கிகளில் அதுவரை எவரும் பயன்படுத்தாத வசதிகளைப் பல்சு ஆடியோ பயன்படுத்தியது. அங்கே ஒளிந்திருந்த பழைய பிழைகள் அப்போதுதான் வெளிப்பட்டன. பிழைகள் திருத்தப்பட, அமைப்பும் சீரடைந்தது.

அது தந்த வசதிகள் பெரியவை. ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலியளவு கிடைத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒலிபெருக்கியிலிருந்து புளூடூத் கருவிக்கு மாற்ற முடிந்தது. ஆல்சாவின் பல தூண்களை ஒன்றுதிரட்டி, பயனருக்கு ஒரே பட்டையாகக் காட்டியது. ஆனால் கவனியுங்கள்: பழைய குமிழ்கள் நீங்கிவிடவில்லை. அவற்றின்மேல் ஒரு திரை விழுந்தது, அவ்வளவுதான். அத்திரைக்குப் பின்னால் ஒரு குமிழ் மூடிக்கிடந்தால், முன்னால் இருக்கும் பட்டை நூறு விழுக்காடு என்று காட்டியபடியே இருக்கும். என் மாணவனின் கணினியில் நடந்தது இதுவே.

பிறகு வந்தது பைப்வயர். விம் டேமன்ஸ் என்பவர் முதலில் காணொளிக்காகத் தொடங்கிய இத்திட்டம் ஒலிக்கும் விரிந்தது. 2021 ஏப்ரலில் பெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 ஆகியன பல்சு ஆடியோவின் இடத்தில் பைப்வயரை அமர்த்தின. பல்சு ஆடியோவின் மொழியும் இதற்குப் புரியும் என்பதால் பழைய செயலிகள் மாற்றமின்றி இயங்குகின்றன. பைப்வயரின் கீழேயும் இருப்பது அதே ஆல்சாதான்.

வரலாறு காட்டும் வழி

ஆல்சாவுக்குப் பின் வந்தவை அதை இடிக்காமல் அதன்மேல்தான் மாடி கட்டியிருக்கின்றன. ஆகவே ஒலி வராவிட்டால், மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி வர வேண்டும். பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் கண்ணால் பாருங்கள். ஹெட்போன் துளையில் எதுவும் செருகியிருக்கிறதா? புளூடூத் வழியாக வேறொரு கருவிக்கு ஒலி போய்க்கொண்டிருக்கிறதா?

2. செயலியைப் பாருங்கள். உலாவியின் அந்தத் தத்தல் ஒலியடக்கத்தில் இருக்கலாம். காணொளியின் சொந்தக் குமிழ் மூடியிருக்கலாம். வேறொரு செயலியில் ஒலி வந்தால் கணினியில் குறையில்லை.

3. அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்து, ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. என்று இருந்தால் ஒலி வெளித்திரைக்குப் போகிறது என்று பொருள். விசையை அழுத்தும்போது பட்டை ஏறும். ஆனால் ஏறுவது இல்லாத திரையின் ஒலி! அதை ஒலிபெருக்கி என்று மாற்றுங்கள். பட்டை அசைவதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

4. ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் சில்லு பிழைத்திருக்கிறது. தாய்ப்பலகையை மாற்றும் பேச்சை இப்போதே எடுக்க வேண்டாம். அடுத்த படியைப் பாருங்கள்.

5. முனையத்தைத் திறந்து ஆல்சாமிக்சரை இயக்குங்கள். முதலில் தெரிவது மேல்மாடியின் பட்டை மட்டுமே. எப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலியட்டையைத் தேர்ந்தெடுங்கள். தூணின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் இருந்தால் அது மூடியிருக்கிறது. இரண்டு சுழியங்கள் இருந்தால் திறந்திருக்கிறது. அம்பு விசையால் அத்தூணுக்குச் சென்று 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும். 'ஆட்டோ மியூட்' என்று ஒரு தூண் இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். ஹெட்போன் செருகியிருப்பதாகத் தவறாக எண்ணிக்கொண்டு அது ஒலிபெருக்கியை அடக்கியிருக்கலாம். மாற்றியபின் ஆல்சாவின் சேமிப்புக் கட்டளையால் அந்நிலையைச் சேமித்துவிடுங்கள்.

6. ஒலிப் பகுதியில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் தெரிந்தால், கணினிக்கு ஒலியட்டையே தென்படவில்லை என்று பொருள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச் செயலிக்கென்று தனி நிலைப்பொருள் தேவை. இன்டெல் 2018-இல் அறிமுகப்படுத்திய 'சவுண்ட் ஓப்பன் பர்ம்வேர்' அவ்வகையைச் சேர்ந்தது. அந்தப் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கருவகத்தையும் புதுப்பியுங்கள்.

7. கடைசியாக, காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. புதிய லினக்ஸ் வழங்கல் ஒன்றை யு.எஸ்.பி. விரலியில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் உறுப்பில் பழுதில்லை, அமைப்பில்தான் பிழை. அதிலும் வராவிட்டால்தான் கடைக்காரரின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும்.

நிறைவாக

அன்று ஒலி வந்தவுடன் அந்தப் பையன் முதலில் செய்தது, என் பழைய வகுப்புப் பதிவைத் தானே தேடித் திறந்ததுதான். 'அலை, அழை, அளை' என்று என் குரல் வந்தது. ஒரு தாளை எடுத்து மூன்றையும் எழுதினான். ளகரத்தில் மட்டும் தடுமாறினான். இரண்டாம் முறை கேட்டுத் திருத்திக்கொண்டான்.

அவன் தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவனிடமும் கேட்டேன். அவன் கூச்சத்துடன் தலையை ஆட்டினான். பதிவேட்டில் எழுதிய அந்தச் சொல்லை அன்றிரவே அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஒலி கேட்கவில்லை' என்று எழுதினேன்.

மூன்று வகுப்புகளில் ஒரு முறையாவது, "தம்பி, நான் பேசுவது கேட்கிறதா?" என்று அவனிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திரையில் அவன் முகம் தெரிந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் வீட்டுக் கணினியில் நூறு விழுக்காடு என்று தெரிந்த பட்டையைப் போல. இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாவிட்டால், அவன் கேட்டானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஊமையாகக் கிடக்கும் மடிக்கணினி ஏதேனும் இருந்தால், தூக்கியெறியும் முன் மேலே சொன்ன படிகளைச் செய்து பாருங்கள். கேட்கக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது பயன்படும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்